பெயர் சொல்ல முடியாத இடத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தெரு நாய்களுக்கு வீடு தேடித் தரும் இந்த அமைப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்களே கேட்டுக்கொண்டதுதான் காரணம். “திட்டி எழுதினாலும் பரவால்ல அண்ணா, பேரும் இடமும் மட்டும் போட்டுடாதீங்க” என்றாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து வேலை பார்க்கும் பெண். விலாசம் வெளியே தெரிந்தால் மறுநாள் விடியற்காலை கேட்டில் சாக்குப்பை தொங்குமாம். உள்ளே குட்டிகள் இருக்கும், சில சமயம் கண்கூடத் திறக்காதவை. அதனால் பெயர்ப் பலகை கிடையாது, கூகுள் மேப்பிலும் கிடையாது. முதல் தடவை போனபோது அந்தச் சந்துக்குள் மூன்று முறை சுற்றினேன். கடைசியில் குரைப்புச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பெயர் இல்லாத விமர்சனம் யாருக்கு உதவும் என்று கேட்கலாம். தெருவில் எடுத்த நாய்க்கு வீடு தேடி அலைகிறவர்களுக்கு உதவும். இந்த மாதிரி சின்னக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களிடம் எதற்குக் கோபப்படலாம், எதற்குக் கோபப்படக் கூடாது என்று எனக்கு எண்பத்தைந்து நாளில் கொஞ்சம் புரிந்தது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் திருத்தம் என்று தினமும் படிவங்களோடுதான் பிழைப்பு. நாய் வளர்த்தவன் இல்லை. சின்ன வயதில் கடிபட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவன். அதற்கப்புறம் நாயைக் கண்டால் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சனிக்கிழமை. கடையைத் திறக்கும் எண்ணம் இல்லை. 2015 வெள்ளத்தில் பேப்பர் பண்டல்கள் ஊறி இட்லி மாவு போல ஆனதைப் பார்த்தவன் என்பதால், கீழ்த்தட்டில் இருப்பதை மேலே ஏற்றிவைத்துவிட்டு வரலாம் என்று குடையோடு போனேன். ஷட்டருக்கும் படிக்கும் நடுவில் ஒரு கறுப்பு மூட்டை. காலால் தள்ளப் போனேன், மூட்டை தலையைத் தூக்கியது.

ஒரு வயது இருக்கும், பெட்டை. உடம்பு முழுக்கக் கறுப்பு, இடது முன்னங்கால் பாதத்தில் மட்டும் ஒயிட்னர் கொட்டின மாதிரி வெள்ளை. வலது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண். அந்தப் புண் அசைந்தது. புழு. நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம், இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்கள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவருக்கு வீட்டோடு சேர்ந்த கிளினிக் என்பதால் தைரியமாகக் கதவைத் தட்டினேன். அவர் இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து ஸ்டீல் கிண்ணத்தில் போட்டார். நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். நாய் ஒரு தடவைகூடக் கடிக்க வரவில்லை. என் அரைக்கைச் சட்டையின் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, மூச்சு மட்டும் சூடாக அக்குளில் பட, அப்படியே நின்றது. டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்துப் பேப்பர் மாதிரி இருந்தது. “உண்ணிக் காய்ச்சலா இருக்கும், வேப்பேரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பாருங்க” என்றார்.

வேப்பேரி என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903இல் ஆரம்பித்த கல்லூரி. நாயோடு வர மாட்டேன் என்று நான்கு ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள். ஐந்தாமவர் “அட்டைப்பெட்டில வெச்சு எடுத்துட்டு வாங்க, வழில கேட்டா மிக்ஸின்னு சொல்லிக்கலாம்” என்றார். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆடு, பின்னால் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்ட ராட்வைலர். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல்தான் என்று உறுதியானது. நான்கு வாரம் டாக்சிசைக்ளின், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. மாத்திரையைச் சோற்றில் வைத்தால் சோறு மட்டும் உள்ளே போகும், மாத்திரை தட்டில் பளிச்சென்று மிச்சம் இருக்கும். ஆம்லெட்டில் மடித்துக் கொடுத்தபோதுதான் ஏமாந்தது.

கடைப் பையன் டோனர் என்று பெயர் வைத்தான். மிஷினுக்கு டோனர் மாற்றும்போது கையில் ஒட்டும் பொடி அதே கறுப்பு.

நானே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கடை வாடகைக்கு, கட்டடக்காரர் மாடியிலேயே குடியிருக்கிறார். வீடும் வாடகைதான், அங்கே ஒப்பந்தத்திலேயே நாய் கூடாது என்று இருக்கிறது (நானே டைப் அடித்துக் கொடுத்த ஒப்பந்தம்). தெருவில் விடலாம் என்றால் எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே நான்கு பேர் சொந்தக்காரர்கள். டோனர் படியை விட்டு இறங்கினால் போதும், டீக்கடைப் பக்கமிருந்து நான்கும் சேர்ந்து வந்துவிடும். தெரு நாய்க்குத் தெருவே வீடு என்று சொல்வது சுலபம், அந்தத் தெருவில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

எல்லோரும் ப்ளூ கிராஸுக்குப் போன் போடு என்றார்கள். கேப்டன் சுந்தரம் ஆரம்பித்தது முதல் சென்னையில் நாய் என்றால் வாயில் வரும் பெயர் அதுதான். ஆனால் அங்கே போவது அடிபட்டுச் சாகக் கிடப்பவை. எழுந்து நடக்கிற நாயைக் கொண்டுபோய் அந்த இடத்தை அடைக்க மனசு வரவில்லை. அப்படித்தான் வாடிக்கையாளர் ஒருவர் மூலமாக இந்தக் குழுவின் நம்பர் கிடைத்தது.

இனி சேவையைப் பற்றி.

போன் எடுக்க மாட்டார்கள். இதை முதல் குறையாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பேசுவார்கள். அதை வாட்ஸ்அப் முகப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் என்ன? மூன்று நாள் பகலில் அடித்து அடித்து நான் வெறுத்துப்போனேன். நான்காம் நாள் ராத்திரி எடுத்த பெண், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்ககிட்ட இடம் இல்லை அண்ணா. நீங்களே வெச்சிருங்க, வீடு நாங்க தேடித் தர்றோம்” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாயை எடுத்துக்கொள்ளாமல் இவர்கள் செய்வது என்ன சேவை என்று கேட்டே விட்டேன்.

அதற்கு அவள் சொன்ன காரணம் நியாயமானது. கொட்டிலில் முப்பது நாய்கள். அங்கே ஒன்றுக்கு டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்தால் தடுப்பூசி போடாத மற்றதற்கும் வரும். பார்வோ என்று இன்னொரு நோய், அது வந்துபோன தரையில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிக் கிடக்கும் நாயை அதற்குள் கொண்டுவந்து விட்டால் பத்து நாள் தாங்காது. “உங்க கடை மூலைல இருந்தா பொழைச்சுக்கும்” என்றாள். பிழைத்தது. இதில் அவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன், கோபம் ஆற எனக்கு ஒரு வாரம் ஆனாலும்.

செலவு விவரம் கேட்கிறவர்களுக்கு: அவர்கள் என்னிடம் கட்டணம் என்று ஒரு பைசா வாங்கவில்லை. வைத்தியம், மாத்திரை, கோழி, ஆட்டோ எல்லாம் என் செலவு. கருத்தடை அறுவைக்கு வெளியே 6,000 கேட்டார்கள், இவர்கள் வழியாகப் போனதால் 1,500இல் முடிந்தது. காய்ச்சல் மாத்திரை முடிந்து ரத்தம் ஏறிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும் என்று அவர்களே தடுத்து, ஜனவரிக் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னார்கள். கூம்புக்கா எனக்குப் பஞ்சம்? ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலட்டையாகப் போடும் கண்ணாடி ஷீட் இரண்டை ஒட்டி, ஓரத்துக்கு செலோடேப் சுற்றி நானே செய்தேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி பத்து நாள் கடையில் உலாத்தியது.

அடுத்து விளம்பரம். இதற்கும் சேர்த்துத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். நான் அனுப்பிய விவரத்தை யாரோ அவசரத்தில் வேறு நாயின் விவரத்தோடு மாற்றி, டோனர் படத்துக்குக் கீழே “ஆண் குட்டி, நான்கு மாதம்” என்று என் நம்பரோடு போட்டுவிட்டார்கள். அன்று ஒரு நாளில் நாற்பத்தொரு அழைப்பு. பெட்டை, வளர்ந்த நாய் என்று நான் சொன்னவுடன் நாற்பது பேர் வைத்துவிட்டார்கள். “கடுவன் இருந்தா சொல்லுங்க சார்” என்பது தான் எல்லோர் வாயிலும். கருத்தடை ஆகிவிட்டது, குட்டி போடாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. நாற்பத்தொன்றாமவர் பெட்டையானாலும் பரவாயில்லை, ராஜபாளையம் கலப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். பத்து அடி தள்ளியிருந்து மங்கல் வெளிச்சத்தில் பார்த்தால் இருக்கலாம் என்றேன்.

படமும் சரியில்லை. கறுப்பு நாயைச் சாதாரணமாக எடுத்தால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரிதான் தெரியும், கண் எது மூக்கு எது என்றே புரியாது. கறுப்பு எப்படி அச்சில் அப்பிக்கொள்ளும் என்பது என் தொழில். கடை வாசலில் காலை வெயில் சாயும் நேரத்தில் அதை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பையனைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். ஏ4 அட்டைப்பெட்டியின் மூடியில் மோவாயை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பாதத்தை முன்னால் நீட்டி, கண்ணில் இரண்டு சின்ன வெளிச்சப் புள்ளி. அந்தப் படம்தான் கடைசியில் வேலை செய்தது. இப்போது அவர்களும் கறுப்பு நாய்க்குத் தெர்மோகோல் பிடிக்கிறார்கள் என்று கேள்வி.

நடுவில் ஒரு ஞாயிறு தத்தெடுப்பு முகாம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கம்பி வேலிகள், உள்ளே குட்டிகள். டோனர் கழுத்தில் “என்னைக் கூட்டிப் போங்க” என்று சிவப்புத் துணி. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை உட்கார்ந்தோம். யாரோ வீடு மாறும்போது கைவிட்ட லாப்ரடார் ஒன்று கால்மணி நேரத்தில் போய்விட்டது. குட்டிகள் மதியத்துக்குள் பாதி காலி. எங்கள் பக்கம் வந்தவர்கள் “பாவம்” என்று சொல்லிவிட்டு, போகும்போது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, தயிர்சாதத்துக்கு மாவடு வைத்தார்கள்.

இப்போது படிவம். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நாய் வேண்டும் என்று வருகிறவர் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்தில் யாரோ வைத்த காபி டம்ளரின் வட்டம் எல்லாப் பிரதியிலும். இதை நான் அழகாக அடித்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அடிக்க அடிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல படிவத்தை நான் பார்த்ததில்லை.

சர்க்காரோ பேங்கோ கேட்டிருந்தால் “குடும்பத்தினர் அனைவருக்கும் சம்மதமா? ஆம் / இல்லை” என்று கேட்டிருப்பார்கள், வருகிற எல்லோரும் ஆம் என்று டிக் போட்டிருப்பார்கள். இதில் ஏழாவது கேள்வி: “வீட்டில் நாய் வேண்டாம் என்று சொல்பவர் யார்? என்ன காரணம் சொல்கிறார்?” டிக் போட இடமே இல்லை, மூன்று கோடு. பதினொன்றாவது: “இதற்கு முன் வளர்த்த நாய் எப்படி இறந்தது?” ஓடிப்போய்விட்டது என்று ஒரு தடவை எழுதினால் பரவாயில்லை, இரண்டு நாயும் ஓடிப்போனது என்றால் கதவு பூட்டாத வீடு என்று அர்த்தம். பதினான்காவது: “வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆறு மாதம் வந்து தங்கச் சொன்னால் நாய் யாரிடம் இருக்கும்? அவர் பெயர், கையெழுத்து.” யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே கையெழுத்து.

நான்காம் பக்கம் ஒப்பந்தம். தெருவில் விடக் கூடாது, வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எப்போதானாலும் எங்களிடமே கொண்டுவர வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெரு நாய்கள் வழக்கில் தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோது, தத்தெடுத்தவர்கள் அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. டிவியில் அதைக் கேட்டதும், நாம் பிப்ரவரியிலேயே இதை அடித்துக் கொடுத்தோமே என்று கடையில் ஒரே பெருமை.

இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அவர்கள் “இல்லை” என்று சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். பம்மலிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வேலை, சொந்த வீடு, கறுப்பு நாய்தான் வேண்டும் என்றார். டோனருக்கு விடிவுகாலம் என்று நினைத்தேன். ஏன் கறுப்பு என்று அந்தப் பெண் கேட்டாள்.

“சனிக்கிழமை தோறும் கறுப்பு நாய்க்குச் சாதம் வைக்கச் சொல்லி ஜோசியர் சொல்லியிருக்கார்மா. தெருவுல தேடி அலைய முடியல.”

“எத்தனை வாரம் சார்?”

“பத்தொன்பது.”

“இருபதாவது வாரம்?”

அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார், நல்ல மனுஷர். மதுராந்தகம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவருக்கு மோட்டார் கொட்டகைக் காவலுக்கு நாய் வேண்டும். “சங்கிலி நல்ல நீளமா வாங்கிருவேன்” என்றார். அவருக்கும் இல்லை.

மூன்றாவதாக இல்லை என்று சொன்னது என் மச்சானுக்கு. அவனைக் கூட்டி வந்ததே நான்தான். ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு, நாய் மொட்டை மாடியில் இருக்கும், மேலே தகரம் போட்டிருக்கிறது. அந்தப் பெண் வீட்டுக்கு வந்து பார்த்தாள், மாடிக்கு ஏறினாள், தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். “மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்க இங்க அரை மணி நேரம் உட்கார முடியுமா அண்ணா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். வீட்டில் அன்று பெரிய ரகளை. “என் தம்பி வீட்டை வந்து சோதனை போட இவங்க யாரு? தெருவுல கெடந்த நாய்க்கு இவ்வளவு ஜம்பமா?” என்று மனைவி. நானும் சேர்ந்து திட்டினேன், அன்றைக்கு அந்தக் குழுவுக்கு நட்சத்திரம் கொடுக்கச் சொல்லியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஏதோ வேலையாக மச்சான் வீட்டுக்குப் போனபோது யாரிடமும் சொல்லாமல் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பிப்ரவரிதான், மணி பதினொன்றுதான். செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

வில்லிவாக்கத்து அம்மா வந்தது அந்தத் தெர்மோகோல் படத்தைப் பார்த்து. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், வயது 61. அவர் நிரப்பிய படிவம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது, கேஸ் ஷீட் எழுதுகிற கை. பதினொன்றாவது கேள்விக்கு மூன்று கோடு போதாமல் பின்பக்கம் போயிருந்தார். பழைய நாய் பதின்மூன்று வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தது, கடைசி பதினாறு நாள் வீட்டிலேயே இவரே தோலுக்கடியில் டிரிப் ஏற்றினார், எந்த நாள் எவ்வளவு குடித்தது, எந்த நாளோடு நிறுத்தியது. ஏழாவது கேள்விக்கு: “என் மருமகள். அவளுக்கு நாய் முடி ஆகாது. அவள் பெங்களூரில் இருக்கிறாள்.”

நான் அப்போதே டோனர் துணிமணியை மூட்டை கட்டிவிட்டேன். குழு சம்மதிக்கவில்லை. நாய்க்கு இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஆயுசு இருக்கிறது, அந்த அம்மாவுக்கு அப்போது 74. இரண்டாவது பொறுப்பாளராக மகன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குச் சரியான கோபம். “எழுபத்திநாலு வயசுல எனக்கு என்ன ஆகும்னு நானே ஃபார்ம்ல எழுதித் தரணுமா?” என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். யாரும் பேசவில்லை. டோனர் எழுந்து போய் அந்தப் பேனாவை முகர்ந்து பார்த்தது. அம்மா பேனாவை எடுத்து மகன் நம்பரை எழுதினார். மகன் அந்த வாரமே வந்து கையெழுத்துப் போட்டார்.

வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை குழுவில் யாரும் போகவில்லை. ஒரு போன்கூட இல்லை. அந்த அம்மா சுண்டல் செய்து வைத்துக் காத்திருந்துவிட்டு, ராத்திரி எனக்குப் போன் செய்து, “நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களா தம்பி?” என்று கேட்டார். எங்கேயோ லாரி அடித்த நாயை எடுக்கப் போய்விட்டார்களாம். சரி, போக வேண்டியதுதான். ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த புதன்கிழமை போனார்கள். பால்கனி கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்து வலை அடிக்கச் சொன்னார்கள், அடுப்படியில் எலி மருந்து இருந்த இடத்தை மாற்றச் சொன்னார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு. பெட்டியில் வைத்து அதே ஆட்டோக்காரரோடு வில்லிவாக்கம் போனேன். இரண்டு வாரம் ஒத்திகை, அப்புறம்தான் ஒப்பந்தம் உறுதி. விட்டுவிட்டு வரும்போது எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை, ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை, சாப்பிடவும் இல்லை. மூன்று நாளில் பயம் குறையும், மூன்று வாரத்தில் வீடு பழகும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும் என்று குழுவில் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். “தம்பி, அது உங்க கடைல எதுல படுத்திருந்துச்சு?”

யோசித்துப் பார்த்தேன். பெரிய மிஷினுக்குப் பின்னால், பேப்பர் வரும் அட்டைப்பெட்டியில். மிஷின் ஓடும்போது அந்தப் பக்கம் சூடாக இருக்கும். ஒரு பழைய பெட்டியை, உள்ளே கிடந்த ரீம் சுற்றிய காகிதங்களோடு அப்படியே பையனிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா அதை ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம் சூடு வரும் இடமாகப் பார்த்து வைத்தார். பையன் திரும்பி ரயில் ஏறுவதற்குள் படம் வந்துவிட்டது. பெட்டிக்குள் கறுப்பாக ஒரு வட்டம், வெள்ளைப் பாதம் மட்டும் வெளியே.

குழு முதல் மாதம் வாராவாரம் படம் கேட்டது, அப்புறம் மாதம் ஒன்று, மே மாதத்தோடு கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் என்று இருக்கிறது. அரை நட்சத்திரம் அங்கே போயிற்று. போன், தவறான விளம்பரம், சனிக்கிழமைச் சுண்டல் எல்லாம் சேர்த்து ஒன்று. மிச்சம் மூன்றரை. மச்சான் வீட்டு மாடிக்கு மட்டும் தனியாக ஐந்து கொடுக்கலாம் என்றால் கொடுப்பேன், ஆனால் இதை என் மனைவியும் படிப்பாள்.

2025 நவம்பரில் சென்னையில் உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி சொன்னதும், அந்த அம்மா எனக்குத்தான் போன் செய்தார். உரிமக் கட்டணம் 50 ரூபாய், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப். எல்லாவற்றையும் முடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். நிறம், பாலினம், வயது. பெயர் இருந்த இடத்தில், அவர் அனுப்பிய தடுப்பூசி அட்டையில், டோனா என்று இருந்தது.

போன் செய்து கேட்டேன். “டோனர்தானேம்மா?”

“டோனர்னா என்ன தம்பி? நான் முத நாள்லேருந்து டோனான்னுதான் கூப்பிடுறேன். கூப்பிட்டா வருதே.”

டோனா என்று அடித்துச் சமர்ப்பித்தேன். உரிமம் வந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை லேமினேஷன் போட்டுக் கூரியரில் அனுப்பினேன். இன்னொன்று கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.